ஊற்றடியில் கேட்ட 'நே'

அன்றைக்கு மட்டும்தான் பனோரேயா கதவைப் பூட்டவில்லை.

மற்ற நாளெல்லாம் பூட்டுவாள். வாடகைக்கு விடும் இரண்டு அறைகளும் வீட்டுக்கு மேல்புறம், ஒரு சந்து தாண்டி இருக்கின்றன. தங்கியவர்கள் கிளம்பிப் போனதும் விரிப்பு மாற்ற, தரை துடைக்க, குளியலறை கழுவ அவள் அங்கே ஏறியாக வேண்டும். அந்த நேரத்துக்குக் கணவர் மில்டோஸை முற்றத்தில் திராட்சைக் கொடிக்கு அடியில் உட்கார வைத்து, வெளிக்கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போவாள். மில்டோஸுக்கு அறுபதைத் தாண்டி அதிக நாளாகவில்லை. உடம்பில் ஒரு குறையும் கிடையாது. ஞாபகம்தான் ஓட்டைப் பானையாகிவிட்டது. நல்ல நாளில், காப்பி எங்கே என்பார். மோசமான நாளில், என் பஸ்ஸை எங்கே நிறுத்தினேன் என்பார். வாழ்நாளெல்லாம் துறைமுக ஊரிலிருந்து சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு எங்கள் கிரேக்க மலைக் கிராமத்துக்கு வந்து போன மனிதர்.

பூட்டுவது ஊருக்கே தெரியும். யாரும் வாய் திறந்து கேட்டதில்லை, அவருடைய அக்கா அரிஸ்தேயாவைத் தவிர. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் ரொட்டித் துண்டை வாங்கிக்கொண்டு நிற்கும்போது, கோயில் வாசலில் வைத்தே ஆரம்பித்தாள்.

"ஆட்டைக்கூட மேய விடறாங்க இந்த ஊர்ல. என் தம்பியைத்தான் பட்டியில போட்டுப் பூட்டறாங்க."

"அண்ணி, இங்க வேண்டாம்."

"ஏன், இங்க வேண்டாம்? சாமி கேட்டுடுவார்னு பயமா? எங்கம்மா அவனைப் பெத்தது இதுக்குத்தானா?"

பனோரேயா அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உடைத்தாள். அந்த வாரம் சாவியைக் கையில் எடுத்தபோதெல்லாம் நாத்தனாரின் குரல் காதில் விழுந்தது. கடைசியில், சரி, பூட்டாமலே போகிறேன், என்னதான் ஆகிவிடும் என்று சாவியைத் துவாரத்திலேயே விட்டுவிட்டு அறை துடைக்கப் போனாள். ரோஷம் பொல்லாதது. 

திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. கதவு விரியத் திறந்து கிடந்தது. காப்பிக் கோப்பையில் பாதிக் காப்பி மிச்சம் இருந்தது.

முதலில் கோழிக்கூட்டின் பின்னால் பார்த்தாள். பிறகு கழிவறை, நிலவறை, பக்கத்து வீட்டு அத்திமரத்தடி. "மில்டோ! மில்டோ!" என்று கூப்பிட்டுக்கொண்டே சந்தில் இறங்கினாள். ஜன்னல் எல்லாம் அடைத்திருந்தது. மூன்று நாளாக அனல்காற்று. எல்லோருடைய கைபேசியிலும் அரசாங்கம் அலறிக்கொண்டிருந்தது, வெளியே வராதீர்கள், வெளியே வராதீர்கள் என்று. மலையடிவாரத்துப் பழங்கால அரங்கத்தைக்கூட நடுப்பகலில் மூடிக் காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சுவரைத் தொட்டால் கை சுட்டது. இந்த வெயிலில் தொப்பிகூட இல்லாமல் போயிருக்கிறார். அவருடைய தொப்பி ஆணியில் தொங்குவதை அவள் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

சதுக்கத்துக் காப்பிக்கடைக்காரர் ஃபோதிஸ் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"ஃபோதிஸ் அண்ணே, எங்க வீட்டுக்காரரைப் பாத்தீங்களா?"

"இந்தப் பக்கம் வரலையேம்மா. எங்க போயிருப்பான், சிகரெட் வாங்க வந்திருப்பான். என்னைப் பாத்தா பழைய பாக்கி கேப்பேன்னு ஒளிஞ்சிருப்பான்." சிரித்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் குழாயை மூடினார். "எவ்ளோ நேரமாச்சு?"

"தெரியலை. ரெண்டு ரூம் துடைச்சேன். குளியலறை வேற கழுவினேன். தெரியலை அண்ணே."

அந்த அறையில் விரிப்பை நிதானமாக, மடிப்பு விழாமல் போட்டுக்கொண்டு இருந்தோமே என்று நினைத்தாள். 

சதுக்கத்திலிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மேலே, பாழடைந்த கோட்டைக்கு. மற்றொன்று கீழே, வளைந்து வளைந்து அரங்கத்துக்கும் பிறகு கடற்கரைக்கும். பிரியும் இடத்தில் அகன்று நிழல் விரிக்கும் பிளாட்டான் மரமும் ஊற்றும் இருக்கின்றன. அந்த மரத்தடியில் முந்தின நாளிலிருந்து வெளிநாட்டு வேன் ஒன்று நின்றது. ஓர் இளம்பெண் ஊற்றுத் தொட்டியில் தர்பூசணியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

பனோரேயாவுக்குத் தெரிந்த வெளிநாட்டு மொழி எல்லாம் துண்டு, சாவி, காலை உணவு, புகை பிடிக்காதீர்கள், இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு கணவனைத் தேட முடியாது. ஆகவே கையால் பேசினாள். மூக்குக்குக் கீழே பெரிய மீசை வரைந்தாள். வெள்ளைச் சட்டை என்று தன் உடையைத் தொட்டுக் காட்டினாள். தலையில் தட்டிக் கையை விரித்தாள், புத்தி சரியில்லாதவர் என்று. அந்தப் பெண் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். புரிந்த மாதிரி இருந்தது.

"அங்கயா போனார்? கோட்டைக்கா? மேலயா? பாத்தியா கண்ணு?" பனோரேயா மலையுச்சியைக் காட்டினாள்.

"நே, நே," என்றாள் அந்தப் பெண். தலையையும் இப்படியும் அப்படியும் அசைத்தாள். பிறகு தானும் கோட்டையைக் காட்டி ஏதோ நீளமாகச் சொன்னாள். மறுபடி, "நே."

ஆமாம். ஆமாம். நே என்று நம் பாஷையில் ஒரு சொல்லாவது கற்றுக்கொண்டு வந்திருக்கிறாளே, மகராசி. பனோரேயா அவள் ஈரக் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு ஓடினாள். இல்லை என்பதற்கு எங்களில் யாராக இருந்தாலும் முகவாயை மேலே தூக்கி 'ச்' என்று நாக்கைத் தட்டுவோம். அந்தப் பெண் தலையைத் தூக்கவும் இல்லை, நாக்கைத் தட்டவும் இல்லை. சந்தேகப்பட அதில் என்ன இருக்கிறது? போன மாதம்கூட மில்டோஸ் கோட்டைப் பாதையில் பாதி தூரம் போய், பாதிரியார் பார்த்துக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

"மேல போயிருக்கார்! பாத்தவங்க இருக்காங்க! கோட்டைக்குப் போயிருக்கார்!"

அவள் போட்ட சத்தத்தில் அடைத்திருந்த ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. எங்கள் ஊரில் நூறு குறை உண்டு. ஆனால் ஒரு வீட்டில் அலறல் கேட்டால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு வருவோம். கோயில் மணியை நெருப்புக்கு அடிப்பது போல் அடித்தார்கள். கால்சட்டைக்கு மேல் பனியனோடு ஆண்கள், மாவு படிந்த கையோடு பெண்கள், விடுமுறைக்கு ஏதென்ஸிலிருந்து வந்த பிள்ளைகள். துறைமுக ஊருக்குத் தகவல் போய், தீயணைப்பு வண்டி கிளம்பிவிட்டது என்று யாரோ கத்தினார்கள்.

கூட்டத்துக்கு நடுவில் அரிஸ்தேயா தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றாள். கறுப்பு உடையில் மூச்சு வாங்கியது.

"மேலயா? என் தம்பியா? அவன் பொறந்ததிலேருந்து மேடு ஏறமாட்டான். சோம்பேறிக் கழுதை. சின்ன வயசுல எங்கப்பா ஆட்டை ஓட்டிட்டுப் போடான்னா, இறக்கத்துலதான் ஓட்டிட்டுப் போவான். கீழ பாருங்கடா. பஸ் நிக்கிற எடத்துல பாருங்க."

"அந்தப் பொண்ணு பாத்தேன்னு சொல்றா, அண்ணி."

"எந்தப் பொண்ணு?"

"வேன்ல வந்த பொண்ணு. கோட்டையைக் கை காட்டினா."

"அவளுக்கு மில்டோஸைத் தெரியுமா, வேற யாரையாவது தெரியுமா? எனக்குத் தெரியும் என் தம்பியை."

"தெரியும்! உங்களுக்கு எல்லாம் தெரியும்! கதவைப் பூட்டாதேன்னு சொல்லத் தெரியும்!" பனோரேயாவின் குரல் கிழிந்தது. "உங்க பேச்சைக் கேட்டதுக்குத்தான் இன்னைக்கு நான் நடுத்தெருவில நிக்கிறேன். இன்னொரு தடவை கேக்க மாட்டேன்."

அரிஸ்தேயா தடியோடு ஓரடி பின்னால் நகர்ந்தாள். அவள் பின்வாங்கி நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஃபோதிஸ் தன் பிக்கப் வண்டியின் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு, "எதுக்கும் நான் ஒரு எட்டு கீழ போய் அரங்கத்துப் பக்கம் பாத்துட்டு வந்துடறேனே, பனோரேயா. அஞ்சு நிமிஷம்," என்றார்.

பனோரேயா வண்டியின் கதவைக் கையால் அடைத்துப் பிடித்தாள். "அண்ணே, உங்க கால்ல விழறேன். மேல தண்ணி இல்லை. இத்தனை பேர் ஏறுறாங்க. அவரைக் கண்டுபிடிச்சாலும் குடுக்க ஒரு சொட்டுத் தண்ணி வேணுமே. பாட்டிலை எல்லாம் ஏத்திட்டு மேல வாங்க. கீழ போய் நேரத்தை வீணாக்காதீங்க."

ஃபோதிஸ் அரிஸ்தேயாவைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி சொல்கிறாள், அக்கா சொல்கிறாள் என்றால் யார் பேச்சைக் கேட்பது? மனைவி பேச்சைத்தான் கேட்க வேண்டும். ஃபோதிஸ் தண்ணீரை ஏற்றினார்.

கோட்டையில் நிழல் கிடையாது. மேற்கத்திய பிரபுக்கள் கட்டி, துருக்கியர் இடித்து, நாங்கள் கல்லைப் பெயர்த்து வீடு கட்டிக்கொண்ட கோட்டை. மிச்சம் இருப்பது இரண்டு சுவர், ஒரு வாயில், மூடியில்லாத நீர்த்தொட்டிகள். அந்தத் தொட்டிகளைப் பார்க்கப் பார்க்கத்தான் பனோரேயாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒவ்வொன்றின் விளிம்பிலும் குப்புறப் படுத்து, இருட்டுக்குள் முகத்தை நீட்டி, "மில்டோ" என்றாள். உள்ளேயிருந்து அவளுடைய குரலே திரும்பி வந்தது. முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது, அவளுக்குத் தெரியவில்லை. முட்செடி பாவாடையைக் கிழித்தது. மாதாவே, அவரைக் குடுத்துடு, அறையில அடைச்சு வெச்சுப் பத்திரமா பாத்துக்கறேன், யார் என்ன சொன்னாலும் கேக்க மாட்டேன், குடுத்துடு என்று வாய் ஓயாமல் முணுமுணுத்தது.

சுற்றிலும் எல்லோரும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கத்திலிருந்து ஆண்குரல், மறுபக்கத்திலிருந்து பெண்குரல். மில்டோ... ஓ. மில்டோ... ஓ. நடுவில் ஒரு நிமிஷம் எல்லோரும் நிறுத்திப் பதில் வருகிறதா என்று காது கொடுப்பார்கள். சில்வண்டுகள் மட்டும் அறுத்துக்கொண்டே இருந்தன. தீயணைப்பு வீரர்கள் வந்து கயிறு கட்டித் தொட்டிகளுக்குள் இறங்கினார்கள். எலும்பு கிடந்தது, ஆட்டு எலும்பு. 

ஒருமுறை வடக்குச் சுவரின் இடிபாட்டில் நின்று அவள் கீழே பார்த்தாள். மலையடிவாரத்தில் அரங்கம் கவிழ்த்துப் போடாத முறம் மாதிரி கிடந்தது. அதையொட்டிப் பைன் மரங்கள், அவற்றுக்குப் பின்னால் பஸ் நிறுத்தும் இடம். மேலேயிருந்தும் சாலையிலிருந்தும் மரங்கள் அதை மறைத்தன. ஒரு கணம் நாத்தனார் சொன்னது நினைவுக்கு வந்தது. இல்லை, அந்தப் பெண் பார்த்தாளே, கையைக் காட்டினாளே, நே என்றாளே. பனோரேயா திரும்பிக்கொண்டாள். அந்தப் பெண் சொன்னது பொய்யானால் தனக்கு இந்த மலையில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

வெயில் சாயத் தொடங்கியும் அனல் குறையவில்லை. தீயணைப்பு அதிகாரி பனோரேயாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, இன்னொரு ஆளைத் தூக்கிட்டு இறங்க என்னால முடியாது. கொஞ்ச நேரம் கீழ போய் நிழல்ல உக்காருங்க," என்று கண்டிப்பாகச் சொன்னார். தண்ணீர் எடுக்க இறங்கிய ஃபோதிஸின் வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். அவள் வழியெல்லாம் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

சதுக்கத்தில் அரிஸ்தேயா தனியாக உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வீங்கிப் போயிருந்தது. பனோரேயாவைக் கண்டதும் எழுந்து, தன் தண்ணீர்க் கோப்பையை நீட்டினாள். பனோரேயா வாங்கவில்லை.

அப்போதுதான் அந்த வேன் கடற்கரையிலிருந்து திரும்பி வந்து மரத்தடியில் நின்றது. அந்தப் பெண் கூந்தலில் உப்புநீரோடு குதித்து இறங்கி ஓடி வந்தாள். பனோரேயாவின் கையைப் பிடித்தாள். மூக்குக்குக் கீழே மீசை வரைந்து காட்டி, கண்ணை அகல விரித்தாள். கிடைத்தாரா?

ஃபோதிஸ் கடை திறப்பதற்கு முன்னால் லாரி ஓட்டியவர். யூகோஸ்லாவியா என்று ஒரு நாடு இருந்த காலத்தில் அதன் வழியாக ஜெர்மனிக்கு ஆரஞ்சு ஏற்றிக்கொண்டு போவார். வேனின் நம்பர் பலகையைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணிடம் அவளுடைய பாஷையிலேயே தத்தித் தத்தி ஏதோ கேட்டார். அவள் மடமடவென்று பதில் சொன்னாள். ஃபோதிஸின் கையிலிருந்த தண்ணீர்ப் பெட்டி மெதுவாகத் தரைக்கு இறங்கியது.

"பனோரேயா. இந்தப் பொண்ணு மதியம் உங்கிட்ட என்ன சொன்னா?"

"பாத்தேன்னு சொன்னா."

"எப்படிச் சொன்னா? சொன்ன மாதிரியே சொல்லு."

"நே, நேன்னு சொன்னா. கோட்டையைக் காட்டினா. ஏன் அண்ணே?"

ஃபோதிஸ் தொப்பியைக் கழற்றினார். "அம்மா... இவ செர்பியாக்காரி. அவங்க ஊர்ல 'நே'ன்னா இல்லைன்னு அர்த்தம். காலையில நாங்க கோட்டைக்குத்தான் போயிருந்தோம், அங்க ஈ காக்கா இல்லை, மேல போய்த் தேடாதேன்னு சொல்லியிருக்கா."

உலகத்தில் எத்தனையோ பேர் 'இல்லை'க்கு வைத்திருக்கும் சொல்லை எடுத்து நாங்கள் 'ஆமாம்' என்கிறோம். காப்பிக்கடையில் இதைச் சொல்லி எத்தனை தடவை சிரித்திருக்கிறோம்! காப்பி வேண்டுமா என்றால் வெளிநாட்டுக்காரன் நே என்கிறான், கொண்டுபோய் வைத்தால் திட்டுகிறான் என்று ஃபோதிஸே நடித்துக் காட்டுவார். அன்றைக்கு அந்தச் சதுக்கத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பெண்ணுக்கு என்ன தவறு நடந்தது என்று புரியவில்லை. பயந்துபோய் ஃபோதிஸையும் பனோரேயாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள்மேல் கோபப்பட்டிருந்தாலாவது சுலபமாக இருந்திருக்கும். கோபம் வரவில்லை. தேடாதே என்று படித்துப் படித்துச் சொன்னவளின் கையை முத்தமிட்டுவிட்டு ஊரையே மலையேற்றியது தான்தான் என்பது பனோரேயாவுக்கு நெஞ்சில் இடித்தது.

"கீழ," என்றாள். "அண்ணி, கீழ. நீங்க சொன்ன எடம்தான்."

அரிஸ்தேயா அதற்கு முன்பே வண்டியில் ஏறிக்கொண்டிருந்தாள். வீங்கிய காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தாள்.

ஃபோதிஸ் ஒவ்வொரு வளைவிலும் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே ஓட்டினார். மேலே கோட்டையில் கைபேசி எடுக்காது. அவர்களுக்குச் சொல்ல நேரமும் இல்லை. வழியிலேயே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார். பனோரேயா முன்கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு, "சீக்கிரம் அண்ணே, சீக்கிரம்," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அரங்கத்தின் கம்பிக்கதவு பூட்டியிருந்தது. அதற்கு வெளியே, பஸ்கள் நிற்கும் மைதானத்தில் ஒரு வண்டியும் இல்லை. ஓரத்துப் பைன் மரங்களுக்குக் கீழே குளிர்ந்த நிழல் இருந்தது. அந்த நிழலில் அவர் உட்கார்ந்திருக்கவில்லை. அவருடைய பஸ் வழக்கமாக நிற்கும் இடத்தில், நிழலே விழாத வெட்டவெளியில், ஒரு கருங்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டிருந்தார். முகம் சிவந்து காய்ந்திருந்தது. நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை.

"மில்டோ!"

பனோரேயா மண்டியிட்டு அவர் முகத்தைக் கையில் ஏந்தினாள். அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி மாதிரி சுட்டது. அரிஸ்தேயா தலைத்துணியை அவிழ்த்து நனைத்து அவர் கழுத்தில் சுற்றினாள். உதட்டில் தண்ணீர் விட்டார்கள். உள்ளே போகவில்லை, தாடையில் வழிந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். பனோரேயாவைப் பார்த்தார். சில மாதங்களாக அவர் அவளைப் பார்த்தால், வேலைக்கு வந்த பெண்ணைப் பார்ப்பது போல், மரியாதையாக நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வார். இப்போது அப்படிப் பார்க்கவில்லை.

"வந்துட்டியா," என்றார். நாக்கு ஒட்டிக்கொண்டு வார்த்தை குழறியது. "எல்லாரும் திட்டறாங்க. வண்டியை எடு, வண்டியை எடுங்கறாங்க. இன்னும் ஒரு ஆள் வரணும், அவ வராம எடுக்க மாட்டேன்னு நான்தான் சொல்லிட்டு நிக்கிறேன்."

கல்யாணத்துக்கு முன்னால் பனோரேயா துறைமுக ஊரில் தையல் கடையில் வேலை பார்த்தாள். கடைசி பஸ்ஸுக்கு ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. பயணிகள் அத்தனை பேரும் வாயில் வந்ததைச் சொல்லித் திட்டுவார்கள். அவர் இஞ்சினை ஓட விட்டுக்கொண்டு, கண்ணாடியில் தெருவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அப்படித்தான் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது.

"வந்துட்டேன்," என்றாள் பனோரேயா. "வந்துட்டேன் மில்டோ. எடு, போகலாம்."

அவர் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

மூவருமாகத் தூக்கிப் பிக்கப்பின் பின்புறத்தில் கிடத்தினார்கள். பனோரேயா மடியில் தலையை வைத்துக்கொண்டாள். அரிஸ்தேயா காலைப் பிடித்துக்கொண்டு, பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரை அவர்மேல் ஊற்றினாள். ஆம்புலன்ஸ் கடற்கரைச் சாலையிலிருந்து ஏறி வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வழியில் சந்தித்துவிடலாம் என்று ஃபோதிஸ் இறக்கத்தில் விட்டார். கோட்டைப் பாறைக்கு நேர் கீழே சாலை திரும்பும் வளைவு வந்தபோது பனோரேயா பின்கண்ணாடியைத் தட்டினாள். மெதுவாகத்தான் தட்டினாள். அந்தத் தட்டலிலேயே ஃபோதிஸுக்குப் புரிந்துவிட்டது. வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார்.

பனோரேயா அவர் மீசையில் ஒட்டியிருந்த பைன் ஊசியிலையை எடுத்துப் போட்டாள்.

"நீங்க சொன்னீங்க, அண்ணி," என்றாள். "கீழ பாருங்கன்னு சொன்னீங்க. ஃபோதிஸ் அண்ணன் வரேன்னார். நான்தான் வண்டியைப் பிடிச்சு நிறுத்தினேன். நான்தான் கொன்னேன்."

"கதவைத் திறந்து விடச் சொன்னது யாரு?" என்றாள் அரிஸ்தேயா. தலைத்துணி இல்லாமல் அவளுடைய நரைத்த கூந்தல் முகத்தில் விழுந்து கிடந்தது. "ஊர் பாக்க, கோயில் வாசல்ல நின்னு சொன்னது யாரு? எல்லாத்தையும் நீயே எடுத்துக்கிட்டா எனக்கு என்னடி மிச்சம்?"

அது ஆறுதலுக்குச் சொன்னது இல்லை. தம்பியின் சாவில் தன் பங்கைக் கேட்டு வாங்கினாள். பனோரேயா எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது மேலேயிருந்து சத்தம் இறங்கி வந்தது. கோட்டையில் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள். பாறை விளிம்பில் நின்று கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது, ஒவ்வொரு குரலும் யாருடையது என்று தெரியும் அளவுக்குத் தெளிவாகக் கேட்டது. ரொட்டிக்கடைக்காரர். பாதிரியார். ஏதென்ஸிலிருந்து வந்த பிள்ளைகள்.

மில்டோ... ஓ.

ஃபோதிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி, முன்கதவு வழியாக உள்ளே கையை நீட்டினார். "ஒலிப்பானை அடிச்சா அவங்களுக்குக் கேக்கும். பாவம், வெயில்ல நிக்கிறாங்க. இறங்கி வரட்டும்."

"அண்ணே," என்றாள் பனோரேயா. "கொஞ்சம் பொறுங்க."

"என்னம்மா?"

"அவங்களுக்கு இன்னும் அவர் உயிரோட இருக்கார்."

ஃபோதிஸின் கை ஒலிப்பான் மேலேயே நின்றது.

"இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடட்டும்," என்றாள்.

மலைமேல் வழக்கம் போல எல்லோரும் ஒரு நிமிஷம் பேசாமல் நின்று காது கொடுத்தார்கள். பிறகு எல்லாக் குரலும் ஒன்றாக அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டன. கீழே மூன்று பேரும் அதைக் கடைசிவரை கேட்டார்கள். அப்புறம் பனோரேயா தலையை அசைத்தாள். ஃபோதிஸ் ஒலிப்பானை அழுத்தினார், நீளமாக, கையை எடுக்காமல்.